திருப்பிக் கேட்ட மீன் பேணிகள்

இன்று காலை உம்முடைய மனைவி இரண்டு அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, கடை திறக்க வேண்டும் என்று ஓடிவிட்டார். பெட்டியின் ஒட்டுப்பட்டையைக் கிழித்ததும் அட்டையும் தகரமும் சேர்ந்த அந்த மணம் எழுந்தது. இத்தாலியில், இந்தப் போர்கோ வெக்கியோப் பகுதியில், உம்முடைய பலசரக்குக் கடையின் பின்னறையில் நான் பல வருடம் சுவாசித்த மணம். உள்ளே வரிசையாக, தகரத்தில் அடைத்த ரின்மீன் பேணிகள். முதலாவதைக் கையில் எடுத்தேன். எடுத்தவுடன் என் பெருவிரல் தானாகவே மூடியின் நடுவில் போய் அழுத்தியது. மூடி அசையவில்லை. நல்ல பேணி.

நாளை மறுநாள் உம்முடைய முதலாவது ஆண்டுத் திவசம். நீர் உம்முடைய அண்ணருக்குச் செய்ததைப் போலவே உமக்கும் செய்யவேண்டும் என்று உம்முடைய மனைவி நினைக்கிறார். இங்குள்ள எங்கள் ஆட்களுக்கு, வீட்டுக்கு இரண்டு மீன் பேணி, ஒரு கிலோ அரிசி, கொஞ்சம் சீனி. பேணிகளைப் பார்த்துத் தரும் வேலை எனக்கு. "மாஸ்ரர், உங்கடை விரலை நம்பித்தான் தாறன்" என்றார். என் விரலை நம்பி ஒருவர் ஒரு வேலை தருகிறார். இந்த விரல் படித்தது எங்கே என்று உமக்குத் தெரியும்.

ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு மகள் வீட்டில் பெரிய வேலை ஒன்றும் இருப்பதில்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின் சீசாப் பகுதியிலிருந்து பஸ் ஏறி உம்முடைய கடைக்கு வந்துவிடுவேன். குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்ரிக் கூடைதான் என் கதிரை. வாசலுக்கு எதிரே மீன்காரர் பனிக்கட்டி உடைப்பார். நீர் கருவேப்பிலையைப் பிரித்துக் கட்டிக்கொண்டே கதைப்பீர். மன்னாரில் முப்பத்து மூன்று வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். எதைக் கேட்டாலும் ஒரு உதாரணத்தோடுதான் பதில் சொல்ல வரும். அதை வைத்து நீர் என்னைப் படுத்தாத பாடில்லை. "மாஸ்ரரிட்டை நேரம் கேட்டால் மணிக்கூடு செய்யிற விதம் சொல்லுவார்" என்று வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சொல்வீர்.

மீன் பேணிகளில் உமக்கு இருந்த பற்று வியாபாரப் பற்று அல்ல. வன்னியில் போரின் கடைசி மாதங்களில் நீரும் அண்ணரும் ஒரே பதுங்குகுழிக்குள் இருந்தீர்கள். ஒரு நாள் அண்ணர் எங்கேயோ வரிசையில் நின்று ஒரு மீன் பேணியோடு வந்தார். மூடி புடைத்திருந்தது. ஆணியால் குத்தி, காற்றை விட்டு, கஞ்சிப் பானைக்குள் போட்டுக் கொதிக்கவைத்து, பெரிய துண்டுகளை உமக்கு வைத்தார். மறுநாள் தண்ணீர் எடுக்கப் போனவர் திரும்பி வரவில்லை. இவ்வளவுதான் நீர் எனக்குச் சொன்னது. அதையும் ஒரே தடவைதான் சொன்னீர். ஆனால் ஒவ்வொரு வைகாசியிலும் அண்ணரின் திவசத்துக்குப் பார்சல்கள் கட்டும்போது, பேணிகளை மட்டும் வேறு யாரையும் தொட விடாமல் நீரே எடுத்துத் தருவீர்.

அதனால்தான் புடைத்த பேணியைக் குப்பையில் போட உமக்குக் கை வரவில்லை. பின்னறையில் ஒரு தட்டு முழுக்க அவை இருந்தன. விற்பதற்கல்ல, உமக்கு. நான் எவ்வளவோ சொன்னேன்.

"தோசை மாவும்தான் பொங்குது, ஓமெண்டுறன். அது எங்கடை கண்ணுக்கு முன்னாலை பொங்குது. இது பூட்டின அறைக்குள்ளை பொங்குது. உள்ளுக்கை ஆர் குடியிருக்கினம் எண்டு உமக்குத் தெரியுமோ?"

"மாஸ்ரர், ரின்மீனாலை எனக்கு ஒரு நாளும் வயிறு பொங்கேல்லை. உங்கடை உதாரணத்தைக் கேட்டுத்தான் பொங்குது."

"இது விளையாட்டில்லை."

"காத்தை விட்டிட்டு நல்லாக் கொதிக்க வைச்சால் ஒண்டும் செய்யாது. நான் அதைத் திண்டுதான் இஞ்சை உயிரோடை நிக்கிறன்."

உயிரோடு நிற்கும் மனிதனுக்கு எதிராக எந்தப் பாடப்புத்தகத்தைக் காட்டுவது?

ஒரு வருடம் வைகாசிக்குச் சற்று முன் சரக்கு இறக்கும்போது ஒரு பெட்டி கை தவறி விழுந்தது. பேணிகள் விளிம்பில் நெளிந்தன. சில நாளில் ஐந்தாறு புடைத்தன. அவற்றை நீர் உம்முடைய தட்டுக்குக் கொண்டுபோனீர். மற்றவை பார்வைக்கு நன்றாகவே இருந்தன. "நெளிஞ்சாலும் மீன் மீன்தானே" என்று சொல்லி, அவற்றில் பாதியை அண்ணரின் திவசப் பார்சல்களுக்கு எடுத்து வைத்தீர். மிச்சத்தைக் கடைத் தட்டில் அடுக்கினீர். பார்சல் கட்டியவன் நான். பன்னிரண்டு வீடுகள், வீட்டுக்கு இரண்டு பேணி. என் கையால் நாடா கட்டினேன். ஒரு மூடியையாவது அழுத்திப் பார்க்கவில்லை.

பார்சல்களைக் கொடுத்து ஐந்தாம் நாள், சனிக்கிழமை காலை, சுகாதார அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் சோதனைக்கு வந்தார்கள். ஒருவர் இளைஞர். மற்றவர் நரைமுடியைக் கட்டையாக வெட்டிய பெண்மணி. இளைஞர் அவரைத் 'தொத்தோரெஸ்ஸா', அதாவது டாக்டர் அம்மா, என்று அழைத்ததால் நாமும் அப்படியே அழைத்தோம். அவர் சத்தம் போடவில்லை. குளிர்ப்பெட்டியின் வெப்பமானியைப் பார்த்தார், மாவுப் பைகளின் திகதியைப் பார்த்தார், தலையை ஆட்டினார். பிறகு பின்னறைக்குள் போனார். உம்முடைய தட்டுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இவை யாருக்கு?" என்று இத்தாலிய மொழியில் கேட்டார்.

"எனக்கு, தொத்தோரெஸ்ஸா. விற்கிறதுக்கில்லை. நான் சாப்பிடுவதற்கு."

"உங்களுக்கென்றால் இன்னும் மோசம்" என்றார்.

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் மாதக்கணக்காக எத்தனையோ உதாரணங்களால் சொல்ல முயன்றதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். ஆனால் அடுத்ததாக அவர் செய்ததைப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. பேணியின் அடியில் அச்சடித்திருந்த இலக்கத்தை வாசித்தார். முன்னுக்கு வந்து, கடைத் தட்டில் அதே இலக்கமுள்ள பேணிகளைத் தேடினார். பார்வைக்கு அழகாக இருந்த ஒன்றை எடுத்துப் பெருவிரலால் மூடியை அழுத்தினார். 'டிக்' என்று உள்ளே போனது. விரலை எடுத்ததும் 'டிக்' என்று வெளியே வந்தது. இன்னொன்று. அதுவும் 'டிக்'. எதிரே மீன்காரர் பனிக்கட்டி உடைப்பதை நிறுத்திவிட்டார் போலிருந்தது. அந்தச் சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்டது.

அந்த இலக்கமுள்ள எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் போட்டு, நாடா சுற்றி, முத்திரை வைத்து, 'செக்குவெஸ்த்ரோ' என்றார். பறிமுதல். இளைஞர் மூன்று பிரதியாக எழுதினார். எழுதி முடிக்கும் முன் தொத்தோரெஸ்ஸா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தப் பெட்டியிலிருந்து ஏதாவது வெளியே போயிருக்கிறதா?"

நீர் என்னைப் பார்க்கவில்லை. "நோ, சிஞ்ஞோரா" என்றீர்.

இளைஞர் அதை எழுதினார். நீர் அதன் கீழே உம்முடைய பெயரைத் தமிழில் ஒப்பமிட்டீர். நான் கவிழ்த்த கூடையில் இருந்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மை சொல், உண்மை சொல் என்று எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லியிருப்பேன். அன்று நானும் வாய் திறக்கவில்லை. உம்முடைய பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி, கடை, மனைவியின் முகம் எல்லாம் ஒன்றாகக் கண்ணில் நின்றன. உம்மை மட்டும் பொய் சொன்னவராக இன்றுவரை நான் நினைத்ததில்லை. அந்தக் கடைக்குள் அன்று இரண்டு பேர் பொய் சொன்னோம்.

அவர்கள் போனதும் கதவைப் பாதி சாத்தினீர்.

"பன்னிரண்டு வீடு, மாஸ்ரர்."

"ஓம்."

"திவசத்துக்குக் குடுத்தது. அண்ணைக்கெண்டு குடுத்தது. அதை எப்பிடித் திருப்பிக் கேக்கிறது? அண்ணையின்ரை வாயிலை இருந்து பிடுங்கினமாதிரி இருக்காதோ?"

நான் மன்னார்க் கத்தோலிக்கன். உங்கள் திவச முறைகள் எனக்கு முழுதாகத் தெரியாது. ஆனால் நீர் சொன்னதன் பாரம் விளங்கியது. இறந்தவர் பெயரில் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பவனை உம்முடைய ஊரில் யாரும் அதற்குமுன் கண்டிருக்க மாட்டார்கள்.

அப்போதும் எனக்கு உதாரணம்தான் வந்தது. ஒருமுறை சோதனைத்தாள் திருத்திப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தபோதுதான் தெரிந்தது, ஒரு கேள்விக்கு நான் சரியென்று வைத்திருந்த விடையே பிழை. மறுநாள் வகுப்பில் நின்று, "எல்லோரும் தாளைத் திருப்பித் தாங்கோ, பிழை விட்டது நான்" என்று சொன்னேன். அதை உமக்குச் சொன்னேன்.

நீர் கருவேப்பிலைக் கட்டைத் தள்ளிவைத்தீர். பிறகு, "அதிலை ஒருத்தரும் சாகேல்லைத்தானே, மாஸ்ரர்" என்றீர். எழுந்து, வேறு இலக்கமுள்ள நல்ல பேணிகளை இரண்டு பைகளில் நிரப்பினீர். தொலைபேசியில் சொன்னால் யாரும் சரியாகக் கேட்கமாட்டார்கள், நேரே போவோம் என்றீர். உண்மையைச் சொல்வதாக அப்போதும் உமக்கு எண்ணமில்லை. வேறு கொம்பனிப் பேணி தருவதாகச் சொல்லி மாற்றிக்கொள்ளலாம் என்பது உம்முடைய திட்டம்.

முதல் வீடு சீசாவில், லிப்ற் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. இரண்டு பிள்ளைகளின் தாயான ஒரு கிளிநொச்சிப் பிள்ளை கதவைத் திறந்தாள். நீர் பையை நீட்டினீர்.

"பிள்ளை, அண்டைக்குத் தந்த ரின் வேறை கொம்பனி. இது திறம். அதைத் தாரும், மாத்தி விடுறன்."

அவள் கையைப் பின்னுக்கு இழுத்தாள். "ஐயோ வேண்டாம் அண்ணை. திவசத்துக்குத் தந்ததை மாத்தக் கூடாது. எனக்கு அதே காணும். நாளைக்கு ஞாயிறு, பிள்ளையளுக்குக் கறி வைக்கத்தான் எடுத்து வைச்சிருக்கிறன்."

நீர் கண்டுபிடித்த வழியை அவளுடைய மரியாதையே அடைத்துவிட்டது. நீர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றீர். உள்ளே பிள்ளைகள் இத்தாலிய மொழியில் சண்டை பிடிக்கும் சத்தம் கேட்டது. உம்முடைய காதுமடல் சிவந்திருந்தது.

"பிள்ளை, அது பழுது. நான் உமக்குப் பழுதைத் தந்திட்டன். அதைத் தொடாதேயும். தாரும்."

அவ்வளவுதான். நாலு சின்ன வசனம். அவள் உம்மை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் இரண்டு பேணியையும் கொண்டுவந்து உம்முடைய கையில் வைத்தாள். நான் ஒன்றை அழுத்தினேன். 'டிக்'. அவளும் கேட்டாள். "அண்ணை, உள்ளுக்கை வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றாள். திருப்பிக் கேட்டவனுக்குத் தேத்தண்ணி! படி இறங்கும்போது நீர் சொன்னீர்: "மாஸ்ரர், ஒண்டு முடிஞ்சுது. இனி நான் பழுதெண்டே சொல்லுறன். பொய் சொல்லுற மூச்சாவது மிச்சம்."

அதன்பிறகு வீடு வீடாக அதே வசனம். அடுத்த கட்டடத்தில் இருந்த கட்டடத் தொழிலாளி சிரித்தார். "அண்ணை, அதைத் திருப்பித் தாறதெண்டால் நீங்கள் முந்தநாள் வந்திருக்கவேணும்." நீர் சிரிக்கவில்லை. அவரை வெளிச்சத்துக்கு இழுத்து, விழுங்கக் கஷ்டமாக இருக்கிறதா, கண் இரட்டையாகத் தெரிகிறதா என்று, நஞ்சேறியதா என அறிய நான் சொல்லித்தந்த கேள்விகளைக் கேட்டீர். "இல்லை அண்ணை. நீங்களும் மாஸ்ரரும் எண்டு ரெண்டு பேர்தான் தெரியிறியள், நாலு பேரில்லை." அப்படி ஏதும் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகும்படி சொல்லி, மனைவியையும் கூப்பிட்டு இன்னொருமுறை சொன்னீர்.

பின்னேரம் ஆறு மணிக்கு ஒரே ஒரு வீடு மிச்சம். லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான இத்தாலியச் சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கி வேலை செய்யும் ராணி. அவள் வேலை நேரத்தில் தொலைபேசி எடுப்பதில்லை. வாசல்காவலர் எங்களையும் பைகளையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு மேலே விட்டார். ராணி கதவைத் திறந்தபோது வெங்காயம் வதங்கும் மணம் வந்தது.

"என்ன அண்ணை, ஏன் இப்பிடி மூச்சு வாங்குது?"

"ரின்மீன். எங்கை?"

"சட்டிக்குள்ளை. திறக்க உஸ்ஸெண்டு காத்துப் போச்சு. ஆனால் நல்லாக் கொதிக்க விடுறன். நீங்கள்தானே சொன்னனீங்கள், கொதிக்க வைச்சால் ஒண்டும் செய்யாதெண்டு. சிஞ்ஞோராவும் மணம் பிடிச்சிட்டு ஒரு கரண்டி கேட்டவ."

சக்கர நாற்காலியில் இருந்த சிஞ்ஞோரா எங்களைப் பார்த்துச் சிரித்தார். நீர் அடுப்படிக்குப் போனீர். அடுப்பை அணைத்தீர். சட்டியைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தீர். அப்படியே திரும்பாமல் நின்றுகொண்டு சொன்னீர்:

"ராணி, நான் சொன்னது பிழை."

உம்முடைய தோள் குலுங்கியது. அண்ணர் ஆணியால் குத்திய அந்தப் பேணியைத்தான் நீர் அந்தத் தொட்டிக்குள் பார்த்தீர் என்று நினைக்கிறேன். பின்னர் நான் உமக்கு ஒன்று சொன்னேன், நினைவிருக்கிறதா? அண்ணருக்கு அன்று வேறு பேணி இருக்கவில்லை, எங்களுக்கு இருக்கிறது, இதில் அவரைப் பிழை சொல்ல ஒன்றுமில்லை என்று. வாழ்க்கையில் நான் உதாரணம் இல்லாமல் சொன்ன சில விஷயங்களில் அது ஒன்று.

திங்கட்கிழமை காலை என்னிடம் கேட்காமலே தீர்மானித்துவிட்டீர். கூட்டிச் சேர்த்த பேணிகளையும், ராணியின் சட்டியில் இருந்ததைக் கட்டிய பொலித்தீன் பையையும் எடுத்துக்கொண்டு சுகாதார அலுவலகத்துக்குப் போனோம். தொத்தோரெஸ்ஸா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அன்று நான் கேட்டபோது ஏன் சொல்லவில்லை?"

"பயம்" என்றீர்.

"இப்போது பயமில்லையா?"

"இப்பவும் இருக்கிறது."

பெர்மெஸ்ஸோவைக் கேட்டார். நீர் கொடுத்தபோது, அது இனித் திரும்பி வராது என்றே இருவரும் நினைத்தோம். அவர் இலக்கத்தைப் பார்த்து எழுதிவிட்டுத் திருப்பித் தந்தார். எத்தனை வீடு, எத்தனை பேணி, எத்தனை திரும்பி வந்தது, சாப்பிட்டவர்கள் யார், எல்லாம் கேட்டார். அந்தக் கட்டடத் தொழிலாளி வீட்டுக்குத் தானே தொலைபேசி எடுத்து விசாரித்தார். கடைசியில் சொன்னார்: "பெரிய கொம்பனிகள் பத்திரிகையில் அறிவித்துவிட்டு இருந்துவிடும். வாடிக்கையாளர் கொண்டுவந்தால் உண்டு. நீங்கள் பன்னிரண்டு வீட்டுப் படி ஏறியிருக்கிறீர்கள்." அதையும் அறிக்கையில் எழுதினார். பொய் சொன்னதையும் எழுதினார். இரண்டையும் வாசித்துக் காட்டினார். நீர் இரண்டுக்கும் கீழே மறுபடியும் தமிழில் ஒப்பமிட்டீர்.

தண்டம் வந்தது. பின்னறை சில கிழமை பூட்டியிருந்தது. ஆனால் கடை மூடவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. நான் உண்மையில் பயந்தது வேறொன்றுக்கு. திருப்பிக் கேட்ட கடைக்கு இனி யார் வருவார்கள் என்று. அடுத்த கிழமை முதல் ஆளாக வந்தது அந்தக் கிளிநொச்சிப் பிள்ளை. வீட்டில் கிடந்த கடலைப் பேணி ஒன்றைக் கொண்டுவந்து, "அண்ணை, இதைக் கொஞ்சம் அமத்திப் பாருங்கோ, நல்லதோ?" என்றாள். அதற்குப் பிறகு உமக்கு ஓய்வில்லை. வேறு கடையில் வாங்கியதையும் கொண்டுவந்து அழுத்திப் பார்க்கச் சொன்னார்கள். மீன்காரரின் மனைவி தன் தக்காளிப் பேணியோடு வந்தார். "மாஸ்ரர், இந்த விரலுக்கு ஒரு கிளினிக் திறக்கலாம் போல" என்று சிரித்தீர். வாசலில் சிவப்புக் காகிதம் ஒட்டிய ஒரு பெட்டி வைத்தீர். பழுதானால் இதற்குள் போடுங்கள் என்று என்னைக் கொண்டு இரண்டு மொழியில் எழுதுவித்தீர்.

உம்முடைய நெஞ்சு நின்றுபோன அந்த மாரிக்குப் பிறகு கடைக்குள் நான் அதிகம் இருப்பதில்லை. அந்தக் கூடை இன்னும் கவிழ்ந்துதான் கிடக்கிறது. ஆனால் சிவப்புப் பெட்டி அங்கேயே இருக்கிறது. உம்முடைய மனைவி கிழமைக்கொருமுறை அதை வெறுமையாக்குகிறார். ராணி இப்போது விடுமுறை நாளில் கடைக்கு வந்து உதவுகிறாள். புதிதாக ஊரிலிருந்து வந்தவர்கள் புடைத்த பேணியைக் காட்டி, கொதிக்க வைத்தால் சரிதானே என்று கேட்டால், அவளுக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் எங்கே பிறந்தது என்று எனக்கு மட்டும் தெரியும்.

இன்று மாலை உம்முடைய மனைவி கடை பூட்டிவிட்டு வந்தார். நான் எல்லாப் பேணியையும் அழுத்திப் பார்த்து முடித்திருந்தேன். பார்சல் ஒவ்வொன்றுக்குள்ளும் வைக்க ஒரு துண்டு எழுதியிருந்தேன். அதை எழுத்துத் தமிழில் எழுதவில்லை. நீர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பீரோ, அப்படியே எழுதினேன்: "இதிலை ஏதும் பழுது கண்டால் வெக்கப்படாமல் திருப்பித் தாங்கோ. நாங்களும் வெக்கப்படாமல் திருப்பிக் கேப்பம்." அவர் வாசித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார், பிறகு சிரித்தார்.

மேசையின் ஓரத்தில் ஒரே ஒரு பேணியை நான் தனியே வைத்திருந்தேன். அவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். விளிம்பில் சின்ன நெளிவு, அவ்வளவுதான்.

"இது பரவாயில்லைத்தானே, மாஸ்ரர்? மூடி அசையேல்லையே."

"அசையேல்லை. ஆனால் வேண்டாம், பிள்ளை."

"ஏன்?"

"பிறகு பழுதாப் போனால் அவர்தான் திருப்பிக் கேக்கப் போகவேணும். மூண்டாம் மாடி, லிப்ற்றும் இல்லை. இந்த முறை அந்த மனிசனைப் படி ஏற விடாமல் இருப்பம்."

அவர் அந்தப் பேணியைச் சிவப்புப் பெட்டிக்கென்று தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.